கூலன்ட்டில் ஊற்றும் 'டெம்பரேச்சர் குறைக்கும் பாட்டில்': டெல்டா வெயிலில் டர்போ பெட்ரோல் வண்டிக்கு எந்த அளவு உதவும்?

பிப்ரவரி 9, மாலை: திருவாரூர் வாசகரின் கேள்வி

"என்னுடையது ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். சக்தி கூடட்டும் என்று எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றும் ஸ்டேஜ் 1 ரீமேப் செய்திருக்கிறேன். தஞ்சாவூர் போகும் வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால், ஏ.சி. ஓடும்போது வண்டியில் செருகிப் பார்க்கும் ஓபிடி கருவியில் கூலன்ட் சூடு 108, 110 டிகிரி வரை ஏறுகிறது. கேட் திறந்து வண்டி ஓட ஆரம்பித்ததும் 96க்கு இறங்கிவிடுகிறது. வாட்டர் வெட்டர் மாதிரி, கூலன்ட்டில் கலக்கும் சரக்கை ஒரு பாட்டில் ஊற்றினால் பத்து டிகிரி குறையும் என்கிறார்கள். ஊற்றலாமா?"

பிப்ரவரி 9, இரவு

இப்போதைக்கு ஊற்ற வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. ஓடும்போது 96, நின்றால் 110. இரண்டு நேரத்திலும் உள்ளே எஞ்சினைக் குளிர்விப்பது அதே கூலன்ட்தான். மாறுவது காற்று மட்டும். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டருக்குள் புகுந்து வருகிறது, நிற்கும்போது ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். அதனால் முதலில் ஃபேன் இரண்டு வேகத்திலும் சுற்றுகிறதா, ரேடியேட்டருக்கு முன்னால் ஏ.சி. கண்டென்சர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கேட்டில் ஏ.சி.யை அணைத்துவிட்டு எத்தனை டிகிரி இறங்குகிறது என்றும் குறித்து வையுங்கள்.

பிப்ரவரி 10

அந்த பாட்டில் என்ன வேலை செய்கிறது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் வாங்குவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் எஞ்சினைச் சுழற்றும் வேலையாகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. மிச்சத்தைக் கூலன்ட் சுமக்க வேண்டும். அந்த வெப்பம் இரண்டு இடத்தில் கைமாறுகிறது. முதலில் பிளாக் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பாகம்), ஹெட் (வால்வுகள் உள்ள மேல்பாகம்) உலோகத்திலிருந்து கூலன்ட்டுக்கு. அப்புறம் கூலன்ட்டிலிருந்து ரேடியேட்டர் வழியாகக் காற்றுக்கு. பாட்டில் உதவுவது பெரும்பாலும் முதல் இடத்தில்தான்.

ஹெட்டில் எக்சாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள இடம் மிகவும் சூடானது. மொத்தக் கூலன்ட் 100 டிகிரியில் இருந்தாலும் அந்தச் சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கு கொதித்துக்கொண்டே இருக்கும். சின்னச் சின்ன ஆவிக் குமிழிகள் உண்டாகிச் சுவரை விட்டுக் கிளம்பி, நடுவில் ஓடும் கூலன்ட்டில் கரைந்து போகும். இது நல்லதுதான், நிறைய வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும். ஆனால் குமிழிகள் சுவரிலேயே ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகிவிட்டால் ஆபத்து. நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடுமே, கல்லைத் தொடாமலேயே, அதே நிலைமை. ஆவிப் படலம் நடுவில் நிற்பதால் உலோகம் குளிர்வதே இல்லை.

வாட்டர் வெட்டர் வகைச் சரக்கு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. குமிழி சிறிதாக இருக்கும்போதே கழன்றுவிடுகிறது, நீர் உலோகத்தைத் திரும்ப நனைக்கிறது. கூடவே துருத்தடுப்பான்களும் உண்டு. இதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் இதை யோசித்துப் பாருங்கள். உலோகத்திலிருந்து வெப்பம் நன்றாகக் கழன்று கூலன்ட்டுக்கு வந்தால், கூலன்ட்டில் இருக்கும் சென்சார் ஏன் குறைவாகக் காட்ட வேண்டும்? ஹெட் குளிர்ந்திருக்கும், மீட்டர் அதே எண்ணில் நிற்கும். வெப்பம் வண்டியை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் அதற்கு ரேடியேட்டரும் காற்றும்தான் வழி.

பிப்ரவரி 10, இரவு

"கம்பெனியே 20 டிகிரி குறையும் என்று போட்டிருக்கிறதே" என்று கேட்டவருக்கு: வாட்டர் வெட்டரைத் தயாரிக்கும் ரெட் லைன் வெளியிட்ட அட்டவணையை முழுதாகப் பாருங்கள். முதலாவது, அது பாரன்ஹீட். செவர்லே 350 வி8 எஞ்சினை டைனோ என்ற சோதனை மேடையில் 7200 ஆர்பிஎம்மில் ஓட்டி எடுத்த கணக்கு. பாதிக்குப் பாதி கிளைக்கால் (கூலன்ட் கான்சன்ட்ரேட்டின் முக்கியத் திரவம்) கலந்த நீரில் 228, அதில் பாட்டிலை ஊற்றினால் 220. வெறும் தண்ணீரில் 220, அதில் ஊற்றினால் 202.

நம் கணக்கில் சொன்னால் கூலன்ட் கலவையில் 109லிருந்து 104க்கு, வெறும் தண்ணீரில் 104லிருந்து 94க்கு. அந்தப் "பத்து டிகிரி" பேச்சு வெறும் தண்ணீர் வரிசையிலிருந்து வந்தது. உங்கள் வண்டியில் வெறும் தண்ணீரா இருக்கிறது? இன்னொன்றும் கவனியுங்கள்: கூலன்ட்டில் பாட்டிலை ஊற்றினால் கிடைப்பதும், பாட்டிலே இல்லாமல் வெறும் தண்ணீரில் கிடைப்பதும் ஒரே 220.

அந்த எஞ்சினில் போட்டிருந்தது 160 பாரன்ஹீட், அதாவது 71 டிகிரி தெர்மோஸ்டாட் (அந்தச் சூடு வரும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு). இறங்குவதற்கு இடம் இருந்தது. நம் வண்டிகளில் தெர்மோஸ்டாட் பொதுவாக 80களில்தான் திறக்கும். எதை ஊற்றினாலும் அதற்குக் கீழே இறங்காது. இறங்கவும் கூடாது.

பிப்ரவரி 13

திருவாரூர் நண்பர் படம் அனுப்பியிருக்கிறார். பம்பர் கிரில் வழியாக டார்ச் அடித்து எடுத்தது. கண்டென்சரின் கீழ்ப்பாதி சாம்பல் பூசிய மாதிரி இருக்கிறது. பூச்சி, வைக்கோல் துணுக்கு, பதர், அதன் மேல் ஒரு மழை பெய்து எல்லாம் களிமண்ணாக இறுகியிருக்கிறது.

சம்பா அறுப்பு நடக்கிற இந்த மாதங்களில் நம் பக்கம் ஓடும் எந்த வண்டிக்கும் இதுதான் கதி. ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல் காய்கிறது, இன்னொரு பக்கம் அறுவடை மிஷின் தூசு கிளப்பிக்கொண்டு போகிறது, கொள்முதல் நிலையத்து வாசலில் தூற்றுகிற பதர் காற்றில் பறக்கிறது. சாயங்காலம் வாய்க்கால் ஓரம் போனால் பூச்சிக் கூட்டம் கண்ணாடியை மூடுகிறது. கண்ணாடியைத் துடைக்கிறோம். ரேடியேட்டரை யார் பார்க்கிறார்கள்?

எங்கள் வயலுக்கு வந்த பெல்ட் அறுவடை மிஷின் ஓட்டுநர் செய்ததைப் பார்த்துத்தான் எனக்கு இதன் முக்கியத்துவம் தைத்தது. டீ குடிக்க இறங்கும்போதெல்லாம் ரேடியேட்டர் ஜாலியைக் கழற்றி, காற்றுக் குழாயை எடுத்து, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊதுவார். ஒவ்வொரு ஊதலுக்கும் ஒரு கைப்பிடி கருக்காய் கொட்டும். "இதை விட்டா அரை மணியில முள்ளு சிவப்புக்குப் போயிடும் சார்" என்றார். அவர் ஒருநாளும் பாட்டிலைத் தேடவில்லை.

காரில் சிக்கல் என்னவென்றால் கண்டென்சரும் ரேடியேட்டரும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிற்கின்றன. நடுவில் உள்ள விரல் அளவு சந்துக்குள் சேருவது முன்னாலிருந்தும் தெரியாது, பின்னாலிருந்தும் தெரியாது. முன்பக்கம் பளபளவென்று இருக்கும் வண்டியில்கூட நடுவில் வைக்கோல் மெத்தை இருக்கும். பம்பரை இறக்கி, மேல் கிளிப்பை எடுத்துக் கண்டென்சரைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால்தான் கண்ணில் படும். ஏ.சி. குழாயை இழுத்துவிடக் கூடாது, கேஸ் போய்விடும்.

பிப்ரவரி 14

வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்து "நல்லா அடிங்க" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த பிரஷரில் அலுமினியத் தகடுகள் அப்படியே மடங்கிப் படுத்துவிடும். அப்புறம் அழுக்கு போயும் காற்றுக்கு வழி இருக்காது. தோட்டக் குழாய் வேகம் போதும். முதலில் நனைத்து ஊற விட்டு, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக. மடங்கின தகடுகளை மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் நிமிர்த்தலாம், பொறுமை வேண்டும்.

பிப்ரவரி 20

நானே ஊற்றிப் பார்த்தேனா என்று மயிலாடுதுறைக்காரர் கேட்கிறார். பார்த்தேன். ரேடியேட்டர், கண்டென்சர், ஃபேன் எல்லாம் சுத்தமாக இருந்த என் வண்டியில், பாதிக்குப் பாதி கூலன்ட்டில். வல்லம் தாண்டி செங்கிப்பட்டி வரை நான்கு வழிச் சாலையில் ஒரே வேகம், ஏ.சி. ஒரே அளவு, மதியம் ஒரே நேரம். ஊற்றுவதற்கு முன்பும் பின்பும் எண் தெர்மோஸ்டாட் பக்கத்திலேயே நின்றது. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கும்பகோணம் ஊருக்குள் ஊர்ந்தபோது ஒன்றிரண்டு டிகிரி குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் அன்றைக்கு வெயிலும் கொஞ்சம் தணிவு. அதைப் பாட்டிலின் கணக்கில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

சோதிக்கிறவர்கள் வெளி வெப்பத்தையும் சேர்த்துக் குறியுங்கள். கூலன்ட் எண்ணிலிருந்து வெளிக்காற்றின் எண்ணைக் கழித்து வருவதுதான் ஒப்பிடத் தகுந்தது. டேஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். பல வண்டிகளில் அது 80க்கும் 100க்கும் ஒரே இடத்தில்தான் நிற்கும், ஓட்டுகிறவர் பயப்படக் கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 21

நேற்று எழுதியதைப் படுத்துக்கொண்டு யோசித்தேன். ஊருக்குள் ஊரும்போது உச்ச எண்ணை ஒப்பிடுவதில் பெரிய அர்த்தம் இல்லை. ஃபேன் ஒரு குறிப்பிட்ட டிகிரியில் ஓட ஆரம்பித்து, இன்னொரு டிகிரியில் நிற்கிறது. வண்டி நல்ல நிலையில் இருந்தால் எதை ஊற்றினாலும் எண் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆடும். பார்க்க வேண்டியது ஃபேன் எவ்வளவு நேரம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் ஓய்கிறது என்பதை. ஏ.சி.யை அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் ஏ.சி.க்காகவே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. "பயனே இல்லை" என்கிற தொனி என் எழுத்தில் வந்திருந்தால் அதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். ரீமேப் செய்த டர்போ எஞ்சினில் ஹெட்டின் அந்த ஒரு சூடான இடம்தான் நாக்கிங்குக்கு, அதாவது பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து எரிவதற்கு, தொடக்கம். அங்கே உலோகம் நாலைந்து டிகிரி குளிர்ந்தாலும் நல்லதே. மீட்டரில் தெரியாது என்பதால் நடக்கவில்லை என்று ஆகாது. ஆனால் அந்த நன்மை முழு திராட்டிலில், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, பல நிமிடங்கள் ஓட்டுகிறவருக்கு. நம் ரோட்டில் முழு திராட்டில் எத்தனை விநாடி நிலைக்கும்? எதிரே டிராக்டர் வந்துவிடும்.

மார்ச் 2

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் போதும், நம் ஊருக்கு அது எதற்கு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை உறுதியாக மறுக்கிறேன். நம் பக்கம் பல பட்டறைகளில் இன்றும் இது நடக்கிறது, பழைய வண்டிக்காரர்கள் பலர் இதை நம்புகிறார்கள்.

தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூடாவதற்கு வெகுநேரம் ஆகும். அதுவரை இசியு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், "எஞ்சின் இன்னும் குளிர்ச்சி" என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். மைலேஜ் போகும், ரிங் தேயும். டர்போ வண்டியில் ஆயில் நீர்த்துப்போனால் முதலில் அடிபடுவது டர்போ பேரிங். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டே, ரேடியேட்டரைச் சுற்றிப் போகும் பைபாஸ் வழியையும் மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும். வெப்பம் குறைக்கக் கழற்றியவருக்கு வெப்பம் கூடும்.

மார்ச் 3

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நாகப்பட்டினம், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கம் போர் தண்ணீர் உப்பு. கூலன்ட் குறைந்தால் பக்கத்து வீட்டுக் குழாயில் பிடித்து ஊற்றுகிற பழக்கம் அங்கேயும் இருக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். கடின நீரில் உள்ள சுண்ணாம்பு, ஹெட்டில் எந்த இடம் அதிகச் சூடோ அங்கேதான் முதலில் படியும். அந்தப் படிவம் வெப்பத்தைத் தடுக்கும் போர்வை. எந்தப் பாட்டிலும் அதைத் தாண்டி வேலை செய்யாது. டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கள், அல்லது தயாராகக் கலந்து வரும் கூலன்ட். டிக்கியில் ஒரு லிட்டர் எப்போதும் கிடக்கட்டும்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுகிற பழைய வைத்தியமும் வேண்டாம். இப்போதைய ரேடியேட்டர் குழாய்கள் மிகக் குறுகல். ஓட்டையை அடைக்கும் தூள் குழாயையும் அடைக்கும்.

மார்ச் 15

திருவாரூர் நண்பரின் சேதி வந்தது. பம்பரை இறக்கினார்கள். நடுச் சந்தில் வைக்கோல் அடைப்பு இருந்தது, எடுத்தார்கள். ஃபேன் முதல் வேகத்தில் மட்டும் சுற்றியிருக்கிறது. இரண்டாம் வேகத்துக்கான ரிலே கருகிக் கிடந்தது. மாற்றினார்கள். இப்போது அதே கேட்டில், அதே ஏ.சி.யில், 100ஐ ஒட்டி ஏறி இறங்குகிறதாம். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அந்த வண்டியை 110 டிகிரியில் இன்னொரு கோடை ஓட்டியிருந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 16

"நம் ஊரில் பனி உறையப் போவதில்லை, அப்படியானால் கிளைக்கால் எதற்கு? தண்ணீரையே கூட்டலாமே" என்பது நல்ல கேள்வி. தண்ணீர்தான் சிறந்த வெப்பச் சுமைகாரன், சந்தேகமே இல்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 கிலோஜூல் வேண்டும். பாதிக்குப் பாதி கலவைக்கு ஏறக்குறைய 3.5 போதும். வெப்பம் கடத்துவதிலும் தண்ணீர் முந்தி நிற்கும்.

ஆனால் கூலன்ட் கான்சன்ட்ரேட்டில்தான் துருத்தடுப்பான் இருக்கிறது. மிகவும் நீர்த்தால் அதுவும் நீர்த்துப்போகும். போக்ஸ்வாகன் கையேட்டில் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்று போட்டிருப்பது அரிப்பை மனதில் வைத்துத்தான், பனிக்காக மட்டும் அல்ல. அதனால் உங்கள் கையேடு அனுமதித்தால் 40க்கு 60 என்று வையுங்கள். நம் வெயிலுக்கு அது நல்ல இடம். ஃப்ளஷ் செய்தபின் பிளாக்கில் தண்ணீர் தேங்கி நிற்கும், அதையும் கணக்கில் சேருங்கள். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்தால் உண்மை விகிதம் தெரிந்துவிடும்.

நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள். பச்சை, சிவப்பு, ஊதா என்பதெல்லாம் கம்பெனி போடும் சாயம். எந்தத் தரம் என்று கையேட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

ஏப்ரல் 5

கூலன்ட் மாற்றினோம் என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். பழையதை எங்கே கொட்டினீர்கள்? வாய்க்காலில் கொட்டாதீர்கள், தயவு செய்து. எத்திலின் கிளைக்கால் இனிக்கும். நாய் நக்கும், மாடு குடிக்கும், இரண்டுக்கும் சிறுநீரகம் போய்விடும். கோடையில் வாய்க்கால் வறண்டு அங்கங்கே குட்டையாக நிற்கிறபோது கால்நடைக்கு அதுதான் தண்ணீர். கேனில் பிடித்து மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, கழிவு ஆயில் எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்கள்.

மே 6

அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் கேள்விகள் குவிகின்றன. சுருக்கமாக இரண்டு.

மூடி: ரிசர்வாயர் மூடியில் உள்ள ஸ்பிரிங்தான் அழுத்தத்தைப் பிடிக்கிறது. வெறும் தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். 1.1 பார் அழுத்தம் பிடிக்கும் மூடிக்குள் 121 வரை தாங்கும். பாதிக்குப் பாதி கலவை அதே மூடியில் 129 வரை தாங்கும். ரப்பர் காய்ந்துபோன மூடி இந்த இருபது டிகிரியை அப்படியே பறித்துவிடும். பாட்டிலை விட விலை குறைந்த சாமான், யாரும் மாற்றுவதில்லை. சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

தண்ணீரே இல்லாத கூலன்ட்: எவன்ஸ் போன்றவை 180 டிகிரி தாண்டியும் கொதிக்காது, உண்மைதான். ஆனால் வெப்பம் சுமக்கும் திறன் தண்ணீர்க் கலவையை விடக் குறைவு. எஞ்சின் கொதிக்காமல் சூடாகவே ஓடும். ரீமேப் வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மே 19

கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில், சொந்த வண்டியை ரேஸ் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் ட்ராக் நாளுக்குப் போகும் தஞ்சாவூர் தம்பிக்கு. பாட்டிலுக்குப் பொருத்தமான இடம் இதுதான். கிளைக்கால் தரையில் சிந்தினால் தார் வழுக்கும், எளிதில் காயாது. அதனால்தான் பல ரேஸ்களில் கிளைக்காலுக்குத் தடை. அங்கே டிஸ்டில்ட் வாட்டரும் வாட்டர் வெட்டரும் சேர்ந்த கலவை வழக்கம். துருத்தடுப்பானும் அதிலேயே வந்துவிடுகிறது, ரெட் லைன் அட்டவணையின் அந்தக் கடைசி வரிசையும் (வெறும் தண்ணீரில் பாட்டில் ஊற்றியது) உங்களுக்குக் கிடைக்கும். விதி என்ன என்று நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பழைய கூலன்ட்டை முழுதாக இறக்கி, டிஸ்டில்ட் வாட்டரால் அலசி, அப்புறம் நிரப்புங்கள். பாட்டிலில் போட்ட அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். நிரப்பியபின் காற்று எடுப்பது முக்கியம்: வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐட்லில் விடுங்கள். ஆறிய பிறகு மட்டம் பார்த்து நிரப்புங்கள். ட்ராக்கில் ஒரு செஷன் முடிந்ததும் உடனே அணைக்காமல் ஒரு சுற்று மெதுவாக வாருங்கள், டர்போவுக்கு அது வேண்டும்.

தெர்மோஸ்டாட் கம்பெனியில் வந்ததே இருக்கட்டும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள சந்துக்குள் கிளம்புவதற்கு முந்தின நாளே ஊதிவிடுங்கள். திரும்பி வந்ததும் கூலன்ட் கலவைக்கு மாறிவிடுங்கள், தண்ணீரிலேயே மழைக்காலம் வரை ஓட்ட வேண்டாம்.

மே 20

தம்பி கேட்ட ஒரு சந்தேகம்: அரைப் பாட்டில் மிச்சமிருந்தால் தினசரி ஓட்டும் கலவையில் ஊற்றலாமா? கூலன்ட் தயாரித்தவர் வேறு எதையும் சேர்க்கக் கூடாது என்று போட்டிருந்தால் ஊற்ற வேண்டாம், வாரண்டி இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். இறுக மூடி நிழலில் வையுங்கள், அடுத்த ட்ராக் நாளுக்கு ஆகும்.